பஸ் காசையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதப் போனேன். டேலி தெரியும், தமிழ் டைப்பிங் தெரியும், அவ்வளவுதான். இன்றைக்குக் கணக்கும் நான்தான், திட்ட அறிக்கை எழுதுவதும் நான்தான், ஆள் இல்லாத நாளில் நோயாளிக்குத் துணையாக ஊட்டிக்குப் பஸ் ஏறுவதும் நான்தான். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் காலனிகளில் எங்கள் வேலை.

போன மாதம் வேறொரு மலையில் புதிதாக அமைப்பு தொடங்கிய மூன்று பிள்ளைகள் தேடி வந்தார்கள். "அக்கா, பழங்குடி மக்களோட ஹெல்த்துக்கு ஃபண்டு எங்க கிடைக்கும்? நாங்க எங்க போய்க் கத்துக்கிறது?" ஒரு பட்டியலை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்கள். பட்டியல் என்னிடமும் இருக்கிறது. அதை முதலிலேயே கொடுத்தால் தப்பான இடத்தில் தொடங்குவீர்கள் என்று சொல்லி, சாயங்கால பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொன்னதுதான் இது.

ஏற்கெனவே வந்து கிடக்கிற காசு

நன்கொடை தேடுவதற்கு முன்னால், உங்கள் காலனியில் ஒவ்வொரு ஆளுக்கும் அரசாங்கம் ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருக்கும் பணம் எது எது என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. காசநோயாளிக்கு மருந்து சாப்பிடும் காலம் முழுக்க, சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது. பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக. அப்புறம் அரிவாள் செல் நோய், ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். எங்கள் பக்கம் அதைச் சிக்கிள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போட்டுத் தந்தால் அடையாள அட்டை வாங்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சிலர் உட்பட.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பணியர் காலனி, முப்பது வயசு இருக்கும், சிக்கிள். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சில சமயம் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகும். இவருக்கு இடது இடுப்பு அப்படி ஆகிவிட்டது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், காப்பீட்டிலேயே செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டைதான் இல்லை. ஏன் இல்லை? ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். முகாமில் உட்கார்ந்து எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருக்கிறார். ஒரு 'ள', ஒரு 'ல', அதுதான் வித்தியாசம்.

ஆதாரைத் திருத்தப் போனோம். கைரேகை விழவில்லை. வருஷக்கணக்காகத் தேயிலை பறித்த விரல், ரேகை எங்கே இருக்கும்? எண்ணெய் தடவு, கழுவு, மறுபடி வை என்று ஒரு மணி நேரம். "சேச்சி, என் கைக்கே என்னை அடையாளம் தெரியலை போல" என்று சிரித்தார். மறுபடி வரச் சொன்னார்கள். வருமானச் சான்றுக்கு கிராம நிர்வாக அலுவலகம் இரண்டு தடவை, ஏனென்றால் முதல் நாள் அலுவலர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். அட்டைக்கு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் இரண்டு தடவை. அதில் ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை. கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர், காலனியிலிருந்து கூடலூர் வந்து சேரவே இரண்டு வண்டி. யானை ரோட்டில் நின்றால் அன்றைய கணக்கே தனி.

எல்லாம் சேர்த்துப் பதினோரு பயணம். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பஸ், ஜீப், சாப்பாடு, ஜெராக்ஸ், போட்டோ என்று மொத்தம் 4,310 ரூபாய். பெண்களுக்கு இலவசப் பஸ் கிடைக்கிற இடத்திலும் துணைக்கு வருகிற கணவனுக்கு டிக்கெட் உண்டல்லவா? இரண்டு பேருக்கும் விட்டுப்போன கூலியை நான் இதில் சேர்க்கவில்லை. ஆபரேஷனுக்கு ஒரு பைசா அவர் கொடுக்கவில்லை. அரசாங்கம் லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருந்தபோது, இந்த 4,310 ரூபாய்க்கு வழியில்லாமல் ஒன்றரை வருஷம் கம்பு ஊன்றி நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு எந்தத் திட்ட அறிக்கை எழுதினாலும் நான் முதலில் எழுதுகிற வரி இந்தப் பயணச் செலவுதான்.

ஆகவே முதல் வேலை ஒரு நீள நோட்டு வாங்குவது. வீட்டுக்கு ஒரு பக்கம். ஆள் பெயர், வயசு, ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை, நோய், கர்ப்பம், கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். ஆதாரில் உள்ள எழுத்தையும் ரேஷன் கார்டில் உள்ள எழுத்தையும் அப்படியே, தப்போடு, பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எக்செல்லில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். பழங்குடியினர் சாதிச் சான்று தாசில்தாரிடம் கிடைக்காது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை, குடும்ப மரம், உறவினர் சான்று என்று இழுக்கும். ஒவ்வொருவராகப் போகாதீர்கள். ஒரு காலனிக்கு மொத்தமாக மனு எழுதி, பட்டியலோடு கொடுத்து, களவிசாரணைக்கு ஒரு தேதி கேளுங்கள். ஒரே நாளில் வந்து முடித்துக்கொடுத்த அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

2023 நவம்பர் 15-இல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம், மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று நாடு முழுக்க வகைப்படுத்தியிருக்கும் 75 குழுக்களுக்கானது. தோடர், கோத்தர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், இருளர் என்று தமிழ்நாட்டில் ஆறு பேர் அதில் வருகிறார்கள். நடமாடும் மருத்துவ வண்டி, ஆதார் முகாம் எல்லாம் அதில் உண்டு. முகாம் எங்கே போடுவது என்று முடிவாகும் கூட்டத்தில் உங்கள் நோட்டோடு போய் உட்காருங்கள். "இந்தக் காலனியில் 43 பேருக்கு ஆதார் பெயர் தப்பு" என்று எண்ணோடு சொன்னால் முகாம் அங்கே வரும். பொதுவாக "மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்றால் டீ வரும்.

எனக்கு இந்தக் காகிதப் பைத்தியம் வீட்டிலிருந்தே வந்தது. அப்பா அம்மா 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்தவர்கள். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையை அப்பா பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார். வீடு ஒழுகினாலும் பானை நனையாது என்பது அவர் கணக்கு.

அமைப்பின் காகிதம்

உங்கள் அமைப்புக்கும் அப்படி ஒரு அரிசிப் பானை வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம், அமைப்பின் பெயரில் பான், அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிவிலக்கு தரும் 80ஜி, நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் எண், மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை. கம்பெனிப் பணம் வேண்டுமென்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு (சிஎஸ்ஆர் என்றால் கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு). 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

இதில் நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் பழைய பதிவு வைத்திருந்த எல்லா அமைப்பும் வருமான வரித் துறையில் மறுபடி பதிய வேண்டியிருந்தது. எங்களுக்கு வேலை பார்த்தவர் 12ஏபிக்கு விண்ணப்பித்துவிட்டு 80ஜியை மறந்துவிட்டார். நானும் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கம்பெனி 9 லட்சம் தர ஒப்புக்கொண்டு, கையெழுத்துக்கு முந்தைய வாரம் சான்றுகளைக் கேட்டது. எல்லாம் இருந்தது, ஒன்று இல்லை. பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அவர்கள் மேல் தப்பில்லை, விதி அப்படி. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இப்போது ஒவ்வொரு சான்றின் முடிவுத் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி, என் மேஜைக்கு எதிரே சாமி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஐந்து வருஷப் பதிவு என்றால் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் தேதிதான் சிவப்பு மையில்.

புது அமைப்பாக இருந்தால் மூன்று வருஷக் கணக்குக்கு எங்கே போவது என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். முதல் மூன்று வருஷம் ஏற்கெனவே வேலை செய்கிற பெரிய அமைப்பின் கீழ் ஒரு பகுதி வேலையை எடுத்துச் செய்யுங்கள். பெருமைக்குக் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் கணக்கு வைக்கும் பழக்கமும் ஒரு சிபாரிசுக் கடிதமும் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது

அரசாங்கத்தில் இரண்டு கதவு. ஒன்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் தன்னார்வ அமைப்புகளுக்குத் தரும் மானியம். பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி, நடமாடும் மருந்தகம் போன்றவை அதில் அடங்கும். செலவில் 90 சதவீதம் அவர்கள், 10 சதவீதம் நீங்கள். அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் முழுவதும் கிடைக்கும், ஆனால் தமிழ்நாட்டில் அப்படி அறிவித்த பகுதி எதுவும் இல்லை. ஆகவே பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வரும் என்று முன்பே யோசியுங்கள். தவணை தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டு சம்பளத்துக்குக் கையிருப்பு வைத்திருங்கள். இன்னொன்று தமிழ்நாட்டின் தேசிய நலவாழ்வுக் குழுமம். மலைப்பகுதியில் சில வேலைகளை அது தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து செய்கிறது. உங்கள் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். கதவு தட்டும்போது கையில் அந்த நோட்டு இருக்கட்டும்.

கம்பெனிகள். 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கோயம்புத்தூரில் இந்த அளவு கம்பெனிகள் எத்தனை! மும்பைக்கு மெயில் அனுப்பிக் காத்திருப்பதைவிட அவிநாசி ரோட்டில் ஒரு நாள் ஏறி இறங்குவது மேல். மார்ச்சில் போகாதீர்கள், அப்போது மிச்சப் பணத்தை அவசரமாகச் செலவழிப்பார்கள், உங்களுக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வந்து இறங்கும், அதை இயக்க ஆள் இருக்காது. அடுத்த வருஷத் திட்டம் போடும் சமயத்தில், மழை நின்ற பிறகு, போங்கள்.

அறக்கட்டளைகளில் அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன், டாடா டிரஸ்ட்ஸ் போன்றவை உள்நாட்டுப் பணம், வெளிநாட்டு நன்கொடைப் பதிவு தேவையில்லை. மின்சாரம் போய்ப் போய் வருகிற துணை சுகாதார நிலையம் என்றால் செல்கோ ஃபவுண்டேஷனை நினைவில் வையுங்கள், சூரிய மின்சாரம் அவர்கள் வேலை. வெளிநாட்டுப் பணம் வேண்டுமென்றால் எஃப்சிஆர்ஏ பதிவு. மூன்று வருஷம் இயங்கி, அந்த மூன்று வருஷத்தில் குறைந்தது 15 லட்சம் முக்கிய வேலைக்குச் செலவு செய்திருக்க வேண்டும். பணம் டெல்லியில் நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்குக்குத்தான் வந்து இறங்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றியும் கொடுக்கக் கூடாது. பெரிய அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துக்கொடுத்த காலம் அதோடு போயிற்று. சின்ன அமைப்புகள் இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மக்களிடமே வாங்குவது என்று ஒன்று இருக்கிறது. கூடலூரில் அஸ்வினி என்ற அமைப்பு ஆதிவாசி ஆஸ்பத்திரி நடத்துகிறது. 1992-லேயே ஆதிவாசி முன்னேற்றச் சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்தார்கள். அரசு காப்பீடு என்ற பேச்சே இல்லாத காலம். சங்கம் கட்டி, காலனி காலனியாக ஆள் சேர்த்துச் செய்தது அது. நேரில் போய்ப் பாருங்கள். சொன்னால் ரெண்டு வரிதான், உழைப்பு எவ்வளவு என்று அங்கே போனால்தான் புரியும்.

எழுதுவது

திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்தியப் பழங்குடிகளின் வரலாறு வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் சுமார் ஒரு சதவீதம். இந்த ஒரு வரி போதும். அபய் பங் தலைமையிலான பழங்குடி நலவாழ்வு நிபுணர் குழு 2018-இல் தந்த அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலிருந்து ஒரு பத்தி. மீதியெல்லாம் உங்கள் நோட்டு. இத்தனை காலனி, இத்தனை வீடு, இத்தனை கர்ப்பிணி, அதில் இத்தனை பேர் மூன்றாம் மாதத்துக்குள் பதிந்தவர்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் இத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் இத்தனை மணிக்கு.

அடுத்து பட்ஜெட். மருந்து, கருவி, முகாம், பேனர் இதற்கெல்லாம் எவரும் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். ஆள் சம்பளத்துக்கும் பயணத்துக்கும்தான் கை இழுக்கும். நான் முதலில் "டிராவல்" என்று எழுதினேன். பணம் தருகிற இடத்திலிருந்து வந்த அதிகாரி, "ஏன் மேடம், ஆபீஸ் ஸ்டாஃப் சுத்துறதுக்கு நாங்க ஏன் தரணும்?" என்று பேனாவால் ஒரே கோடு போட்டுவிட்டார். அடுத்த தடவை "நோயாளி துணைச் செலவு" என்று தலைப்பு வைத்து, கீழே அந்த அம்மாவின் பதினோரு பயணத்தையும் தேதி, வண்டி, தொகையோடு ஒரு அட்டவணையாகப் போட்டேன். பெயர் போடவில்லை, போடவும் கூடாது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். அந்த வரி அப்படியே பாஸாகியது, ஒரு துணையாளுக்கு மாதச் சம்பளமும் சேர்த்து. இப்போது எங்களிடம் இரண்டு துணையாட்கள். இருவரும் பணியர் பெண்கள். ஆஸ்பத்திரி வரிசையில் எங்கே நிற்க வேண்டும், யாரிடம் சத்தம் போட வேண்டும், யாரிடம் போடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் தருவோம், சட்டம் அப்படி" என்று சில கம்பெனிகளில் சொல்வார்கள். சட்டத்தில் உள்ள 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நடத்த ஆகும் நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் வேலை செய்கிற நம் அமைப்பின் செலவுக்கு அது பொருந்தாது. பணிவாக, விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோபப்பட்டால் பணமும் போகும், மரியாதையும் போகும்.

எண்ணிக்கையைப் பெரிசாக எழுதாதீர்கள். ஒரு வருஷம் ஆசையில் 2,000 பேருக்கு ரத்தப் பரிசோதனை என்று எழுதிவிட்டேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் தேவாலா, சேரம்பாடி பக்கம் என்ன மழை பெய்யும் என்று தெரிந்தும் எழுதினேன் பாருங்கள். 1,140-இல் நின்றது. பயன்பாட்டுச் சான்றோடு விளக்கக் கடிதம் எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

சிக்கிள் பரிசோதனை: கொஞ்சம் நிதானமாக

இப்போது எல்லோரும் இதற்குத்தான் பணம் தருகிறார்கள். தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கியது. 17 மாநிலங்கள், பிறந்த குழந்தையிலிருந்து 40 வயது வரை 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. தமிழ்நாடும் அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பரிசோதனைக்கு மட்டும் பணம் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தொடக்க காலத்தில் ஒரு முகாமில் முடிவுகளை எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தோம். ஒரு பெண்ணுக்குக் 'கேரியர்' என்று வந்தது. கேரியர் என்றால் நோயில்லை. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சாதாரணமாக வாழலாம். கணவன் மனைவி இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு. இதை விளக்க அன்றைக்கு ஆள் இல்லை, நேரமும் இல்லை. ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளைப் பையனைச் சோதித்துப் பார்க்கவே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் மாறியது. பரிசோதனைக்கு முன் காலனியில் ஒரு ராத்திரிக் கூட்டம், அவர்கள் மொழியில், அவர்கள் ஆளே பேசுவார். சிவப்பு, வெள்ளைக் கொட்டையை வைத்துக்கொண்டு அப்பாவிடம் இரண்டு, அம்மாவிடம் இரண்டு, குழந்தைக்கு ஆளுக்கு ஒன்று என்று கையில் எடுத்துக் காட்டுவோம். நாலு தடவை எடுக்கச் சொன்னால் பாட்டிமாருக்குக்கூடப் புரிந்துவிடும். முடிவு தனியாக, வீட்டில், உட்கார்ந்து. நோய் உறுதியானவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை எங்கே கிடைக்கும், தண்ணீர் நிறையக் குடிப்பது, குளிரில் நனையாமல் இருப்பது, காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் ஓடுவது என்று தொடர்ந்து பார்க்க ஓர் ஆலோசகர். ஆகவே ஒரு சோதனைக்கு இவ்வளவு என்று கிட் விலையை மட்டும் போட்டுப் பணம் கேட்காதீர்கள். ஆலோசகர் சம்பளம், உறுதிப்படுத்தும் எச்பிஎல்சி பரிசோதனை, வருஷம் முழுக்கத் தொடரும் பயணம், மூன்றும் அதே பட்ஜெட்டில் இருக்கட்டும். தர மாட்டோம் என்றால் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன்.

கற்றுக்கொள்ள

முதலில் பார்த்துக் கற்றுக்கொள்வது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைப் பக்கம் சிட்டிலிங்கி. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடி நலவாழ்வு முயற்சி, இன்றைக்கு முழு ஆஸ்பத்திரி. உள்ளூர்ப் பெண்களையே பழக்கிச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். அங்கே போனால் டாக்டர்களிடம் பேசுவதற்கு முன் அந்தப் பெண்களிடம் பேசுங்கள். கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம், 1958 முதல். முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம், அதன் நூலகத்துக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள், அவர்களும் வேலைக்கு நடுவில்தான் இருக்கிறார்கள்.

படிப்பு என்றால், பொது நலவாழ்வில் முதுகலை சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்திலும், திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்திலும் உண்டு. அவ்வளவு நேரமில்லை என்றால் அதே சென்னை நிறுவனத்தின் ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். நான் அதை சமையலுக்கு நடுவில் போனில் பார்த்தேன். மாதிரி அளவு என்றால் என்ன என்று நாற்பது வயசுக்கு மேல் புரிந்தது. சமூக நலவாழ்வுப் பயிற்சிக்குப் பெங்களூருவில் சொசாரா என்ற அமைப்பை விசாரியுங்கள். டாக்டர்களுக்கு வேலூர் சிஎம்சியின் தொலைநிலைக் குடும்ப மருத்துவப் படிப்பு இருக்கிறது.

ஆனால் நான் அதிகம் அலைவது காலனிப் பிள்ளைகள் படிப்புக்குத்தான். நர்சிங்குக்குப் போகிற ஒரு பணியர் பெண் வந்து சேர்ந்தால் பத்துத் துணையாளுக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கட்டணமும் அரசே கட்டும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை வருஷத்துக்கு 20 பேருக்கு, அதில் 3 இடம் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு. பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு அந்த மூன்றில் உரிமை உண்டு என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவையுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். சாதிச் சான்றை அப்போதே வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு முடித்து ரிசல்ட் வந்த வாரத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றால் சேர்க்கைத் தேதி முடிந்துவிடும். சேர்ந்த பிறகும் முதல் மாதம் ஹாஸ்டலுக்குப் பெட்டி, செருப்பு, போர்வை, போய்வர பஸ் காசு வேண்டும். உதவித்தொகை கணக்குக்கு வர மாதங்கள் ஆகும். இடையில் திரும்பி வந்துவிடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த முதல் மூன்று மாதத்தில்தான் வருவார்கள். அதற்கென்று எங்கள் கணக்கில் தனித் தலைப்பு வைத்திருக்கிறேன்.

அந்த மூன்று பிள்ளைகளும் கிளம்பும்போது மறுபடி பட்டியலைக் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கூடவே என் நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தை, பத்தித் தலைப்புகள் மட்டும் இருக்கிற மாதிரி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒருவன், "அக்கா, கடைசிப் பத்தியில 'வண்டி'ன்னு போட்டிருக்கே, அது என்ன?" என்றான். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதுகிற இடம் என்றேன். உங்கள் மலைக்கு நீங்கள்தான் விசாரித்து எழுத வேண்டும், எனக்கு அந்த ரூட் தெரியாது.